அனுமதியில்லாமல் எழுப்பிய மாடி யார் தலையில் விழுகிறது?

கட்டடங்களின் உறுதியைச் சோதித்து அறிக்கை தரும் வேலையில் இருப்பதால், அனுமதி பெறாமல் கட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறார்: அபராதம் எவ்வளவு விதிப்பார்கள், இடித்துவிடுவார்களா. அபராதம் தாங்கக்கூடியது, இடிப்பு அபூர்வம் என்று தோன்றிவிட்டால், மேஸ்திரியை வரச்சொல்லிவிடுகிறார். இந்தக் கணக்கில் ஒரு பெரிய பகுதி விடுபட்டுப் போகிறது. அபராதமும் இடிப்பும் கட்டியவருக்கு நேரும் விளைவுகள். அனுமதியின்மையோ கட்டியவரோடு நின்றுவிடுவதில்லை. அது கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு, பின்னாளில் அதை வாங்குபவர், அதில் வாடகைக்குக் குடியேறுபவர், அங்கே வேலைக்கு வருபவர், பக்கத்து மனையில் வசிப்பவர் என்று, அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாதவர்களைப் போய்ச் சேருகிறது.

அனுமதி என்றால் முத்திரை குத்திய ஒரு தாள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தத் தாளைப் பெறுவதற்காகச் செய்ய வேண்டியிருக்கும் வேலைகளில்தான் அதன் பயன் இருக்கிறது. மண்ணின் தாங்குதிறன் எவ்வளவு, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும், தூண்களின் அளவு என்ன, அவற்றுக்குள் எத்தனை கம்பிகள், எந்த விட்டத்தில் என்பதையெல்லாம் ஒருவர் கணக்கிட்டு, வரைந்து, கையெழுத்திட்டு, அதற்குப் பொறுப்பேற்கிறார். இன்னொருவர் அதைச் சரிபார்க்கிறார். சரிபார்ப்பு எல்லா இடங்களிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும், கட்டடத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி உண்டாகிறது. அனுமதியே இல்லாத கட்டடத்தில் பெரும்பாலும் அந்தச் சாட்சி பிறப்பதே இல்லை.

ஒரு மாடி என்றால் எவ்வளவு எடை என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் அவர் சொல்வது பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும். 100 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சாதாரணக் குடியிருப்பு மாடியை எடுத்துக்கொள்வோம். 150 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 375 கிலோ. அதன் மேல் தரை ஓடும் பூச்சும் சேர்கின்றன. 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர், 3 மீட்டர் உயரத்தில், ஓடும் மீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,300 கிலோ வரும். உத்திரங்கள், தூண்கள், மனிதர்கள், மரச்சாமான்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கூட்டினால் 100 டன்னைத் தாண்டிவிடுகிறது. இந்தச் சுமை முழுவதும் ஏற்கெனவே நிற்கும் கீழ்த்தளத் தூண்கள் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்க வேண்டும். இரண்டு தளங்களுக்குக் கணக்கிட்ட தூணில் மூன்றாவது தளத்தை ஏற்றினால் அது அன்றைக்கே உடைந்துவிடும் என்று கட்டாயமில்லை. வடிவமைப்பில் பாதுகாப்புக்காக விட்டுவைத்த இடைவெளி அந்தக் கூடுதல் எடையைப் பல ஆண்டுகள் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த இடைவெளி, கான்கிரீட்டின் தரத்தில் குறை இருந்தால், கம்பி துருப்பிடித்தால், நிலம் அதிர்ந்தால், வெள்ளத்தில் மண் இளகினால் துணைக்கு வர வேண்டியது. அதை ஒரு மாடிக்காக முன்கூட்டியே செலவழித்துவிட்ட கட்டடம் வெளிப்பார்வைக்குத் திடமாகவே தெரியும். ‘பத்து வருஷமா நிக்குதே, ஒன்னும் ஆகலையே’ என்று சொல்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருப்பது இதைத்தான்.

இத்தகைய கட்டடத்தைப் பின்னாளில் சோதிப்பது எளிதான வேலையன்று. கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியை வைத்துத் தேட வேண்டும். சுத்தியல் சோதனையால் கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தை அளக்க வேண்டும். சில இடங்களில் உருளையாகத் துளைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். அஸ்திவாரத்தைப் பார்க்கப் பக்கத்தில் குழி தோண்ட வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் நாங்கள் பார்த்தது சில தூண்களை, சில அடி நீளத்தை மட்டும்தான். பார்க்காத தூணுக்குள் என்ன இருக்கிறது என்பதை அனுமானத்தால்தான் நிரப்புகிறோம். முறையான வரைபடம் இருந்தால் அந்த அனுமானத்துக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். அது இல்லாதபோது, கட்டிய மேஸ்திரியின் நினைவாற்றலே ஆதாரமாகிவிடுகிறது. அவரும் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

ஒரு கட்டடத்தை ஒரு நோக்கத்துக்காக வடிவமைத்துவிட்டு, இடையில் வேறொன்றாக மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியத் தலைநகர் சியோலில் இருந்த சாம்பூங் பல்பொருள் அங்காடியைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியவில்லை. நான்கு தளக் கட்டடமாகத் திட்டமிடப்பட்டது, கட்டுமானத்தின் நடுவில் அங்காடியாக மாற்றப்பட்டது. நகரும் படிகளுக்கு இடம் வேண்டும் என்று தூண்கள் அகற்றப்பட்டன. மாற்றங்களைச் செய்ய மறுத்த ஒப்பந்த நிறுவனம் விலக்கப்பட்டது. ஐந்தாவது தளம் சேர்க்கப்பட்டது. அதில் உணவகங்களும், அவற்றுக்காகத் தரைக்கு வெப்பமூட்டும் கனத்த தளமும் வந்தன. கூரை மேல் இருந்த குளிர்சாதன இயந்திரங்களைத் தளத்தின் மீதே இழுத்து இடம் மாற்றியபோது விரிசல்கள் தோன்றின. உத்திரமே இல்லாமல் தூண்களின் மேல் நேரடியாகத் தளம் அமர்ந்திருக்கும் அமைப்பில், தூண் மெலிந்துவிட்டால் அது தளத்தைக் குத்தித் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். 1995 ஜூன் 29 அன்று மாலை நடந்தது அதுதான். காலையிலேயே விரிசல் பெரிதானதைக் கண்டு மேல்தளத்தை மூடியவர்கள், அங்காடியை மூடவில்லை. 502 பேர் இறந்தார்கள். உரிமையாளர்களோடு, சட்டவிரோத மாற்றங்களுக்குக் கையூட்டு வாங்கிக்கொண்டு ஒப்புதல் தந்த அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். இறந்தவர்கள் கடைக்கு வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும்.

வங்கதேசத்தின் சாவரில் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்த ரானா பிளாசாவிலும் இதே சங்கிலியைக் காணலாம். கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாக வடிவமைக்கப்பட்ட கட்டடத்தில், முறையான அனுமதியின்றி மேல்தளங்கள் ஏற்றப்பட்டு, அவற்றில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. தையல் இயந்திரங்களின் எடையும் அதிர்வும், மேல்தளங்களில் வைக்கப்பட்டிருந்த மின்னாக்கிகளின் அதிர்வும் யாருடைய கணக்கிலும் இல்லாதவை. முந்தைய நாள் விரிசல் தெரிந்ததும் அங்கிருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியேற்றியது. தையல் தொழிலாளர்களோ மறுநாள் வேலைக்கு வரும்படி வற்புறுத்தப்பட்டார்கள். 1,134 பேர் உயிரிழந்தார்கள். அந்த மேல்தளங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கும் நிலையில் அவர்களில் எவர் இருந்திருக்க முடியும்? அதே மாதம், 4ஆம் தேதி, மும்பையை அடுத்த தானேயில் அனுமதியின்றி வேகவேகமாக எழுப்பப்பட்டுக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடி சரிந்து 74 பேர் இறந்தார்கள். மேலே தளங்கள் எழும்பிக்கொண்டிருக்கும்போதே கீழ்த்தளங்களில் குடும்பங்கள் குடியிருந்தன. ஆட்கள் குடியேறிவிட்டால் இடிப்பதற்கு அதிகாரிகள் தயங்குவார்கள் என்பது சட்டவிரோதமாகக் கட்டுபவர்கள் பல இடங்களிலும் கையாளும் தந்திரம். மனிதர்களைக் கேடயமாக நிறுத்தும் இந்தத் தந்திரத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

உயிர்ச்சேதம் என்பது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே தொடங்கும் விளைவுகள் காகிதத்தில் இருக்கின்றன, அவையும் பெரும்பாலும் வேறொருவர் மேஜையில்தான் வந்து விழுகின்றன. வீட்டை விற்க முயலும்போது, வாங்குபவரின் வங்கி அங்கீகரித்த வரைபடத்தைக் கேட்கிறது. வரைபடத்தில் ஒரு மாடியும் நேரில் இரண்டு மாடியும் இருந்தால் கடன் நின்றுபோகிறது, அல்லது அங்கீகரித்த பகுதிக்கு மட்டும் மதிப்பிடப்படுகிறது. தீ விபத்தோ வெள்ளமோ வந்தபின் காப்பீட்டு நிறுவனம் சட்டவிரோதமான பகுதியைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. சொத்துவரி கட்டிவிட்டேன், மின் இணைப்பும் இருக்கிறது, ஆகவே கட்டடம் செல்லும் என்று நம்புபவர்கள் ஏராளம். வரி வசூலிப்பது வேறு, கட்டுமானத்தை அங்கீகரிப்பது வேறு. ஒன்றின் ரசீது மற்றொன்றுக்குச் சான்றாகாது. பத்திரப்பதிவும் அப்படித்தான்: நிலம் யார் பெயருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது என்பதை அது சொல்லும், மேலே நிற்பது முறைப்படி எழுந்ததா என்பதைச் சொல்லாது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று அளித்த தீர்ப்பு இந்தக் கதவுகளை இன்னும் இறுக்கமாக அடைத்திருக்கிறது. பணி நிறைவுச் சான்றோ குடியேற்றச் சான்றோ இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரக்கூடாது, அச்சான்றைச் சரிபார்க்காமல் வங்கிகள் கட்டடத்தின் பேரில் கடன் தரக்கூடாது, அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் நடத்த உரிமம் வழங்கக்கூடாது என்று அது பணித்தது. அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள், பணத்தைப் போட்டுவிட்டேன், நெடுங்காலம் ஆகிவிட்டது என்ற வாதங்கள் எவையும் சட்டவிரோதக் கட்டுமானத்தைச் சட்டபூர்வமாக்காது என்பதும் அதில் தெளிவாகச் சொல்லப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 13 அன்று, அதே நீதிமன்றம் முன்னறிவிப்பின்றி இடிப்பதைத் தடுத்து, குறைந்தது 15 நாள் அறிவிப்பு தர வேண்டும் என்றும் உத்தரவிட்டிருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அனுமதியின்மையைக் காரணம் காட்டி ஒரு குடும்பத்தை ஒரே இரவில் தெருவில் நிறுத்துவதும், அனுமதியே தேவையில்லை என்பதுபோல் கட்டிக்கொண்டே போவதும் ஒருபோலச் சட்டத்துக்குப் புறம்பானவை.

அனுமதித் தாள் கையில் இருந்தும் கட்டடம் பறிபோன நிகழ்வுகள் உண்டு. வாங்குபவர்கள் அவற்றைக் கவனித்துப் படிக்க வேண்டும். கொச்சியின் மரடுவில் நீர்க்கரையோரம் எழுந்த நான்கு குடியிருப்பு வளாகங்களுக்கு உள்ளாட்சி அமைப்பு கட்டட அனுமதி வழங்கியிருந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான அனுமதி பெறப்படவில்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை அகற்ற உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. சேமிப்பை எல்லாம் போட்டு வீடு வாங்கியவர்கள், தங்கள் வீடு சில நொடிகளில் தூசியாவதைப் பார்த்தார்கள். நியூயார்க்கில் கிழக்கு 96ஆம் தெருவில் 31 தளங்களாக எழுந்த ஒரு கட்டடத்துக்கும் நகர நிர்வாகம் அனுமதி தந்திருந்தது. அந்த இடத்தில் விதிப்படி 19 தளங்கள்தான் கட்டலாம் என்பது பிறகு தெரியவந்தது. தவறாகத் தரப்பட்ட அனுமதி விதியை மாற்றிவிடாது என்று 1988இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990களின் தொடக்கத்தில் மேலே இருந்த 12 தளங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கப்பட்டன. டெல்லியை அடுத்த நொய்டாவின் இரட்டைக் கோபுரக் குடியிருப்புக்கும் அனுமதி இருந்தது. கட்டடங்களுக்கிடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி இல்லை. நீதிமன்ற உத்தரவுப்படி 2022 ஆகஸ்ட் 28 அன்று, ஏறக்குறைய 100 மீட்டர் உயரம், சில நொடிகளில் தரைமட்டமானது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் அதே வளாகத்தில் ஏற்கெனவே குடியிருந்தவர்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பக்க இடைவெளி என்பது காகிதத்தில் வரைந்த கோடு என்று நினைப்பவர்களுக்கு, அந்த இடைவெளியில்தான் பக்கத்துக் குடும்பத்தின் வெளிச்சமும் காற்றும், தீப்பிடித்தால் ஏணி வைக்கும் இடமும் இருக்கின்றன என்பதை அவர்கள் நினைவூட்டினார்கள்.

மறைத்துவைத்துக் காலத்தைக் கடத்திவிடலாம் என்று எண்ணியவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் அப்போது ஒரு வீடு கட்டி முடிந்து நான்கு ஆண்டுகள் கேள்வியின்றிக் கழிந்தால் நடவடிக்கை எடுக்க முடியாது என்ற விதி இருந்தது. சர்ரே பகுதியில் ஒரு விவசாயி, உயரமான வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவற்றின் பின்னால் கோட்டை வடிவில் ஒரு வீட்டைக் கட்டி, குடும்பத்தோடு அதில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு 2006இல் வைக்கோலை அகற்றினார். வைக்கோலை அகற்றுவதும் கட்டுமானத்தின் ஒரு பகுதியே, ஆகவே நான்கு ஆண்டுகள் இன்னும் தொடங்கவே இல்லை என்ற முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது. நீண்ட வழக்குகளுக்குப் பின் 2016இல் அவரே வீட்டை இடிக்க நேர்ந்தது. அந்த நாட்டில் 2024 ஏப்ரலில் இந்தக் காலவரம்பு பத்தாண்டுகளாக நீட்டப்பட்டுவிட்டது.

வரன்முறைப்படுத்தும் திட்டங்களைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. ஏற்கெனவே கட்டியவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சட்டபூர்வமாக்கும் அறிவிப்பு வந்தால், மக்கள் நிம்மதியடைகிறார்கள், அரசுக்கு வருவாய் கிடைக்கிறது, கட்டடத்தின் ஒரு தூண்கூட வலுப்பெறுவதில்லை. துருக்கி 2018இல் அப்படியொரு மன்னிப்புத் திட்டத்தை அறிவித்தது. உரிமையாளர் தாமாகவே விவரம் தந்து பணம் செலுத்தினால் பதிவுச் சான்று கிடைத்தது. கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பது உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டமே சொல்லிவிட்டது. பொறியாளர் அமைப்புகள் எச்சரித்தன. 2023 பிப்ரவரி 6 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கம் தாக்கிய மாகாணங்களிலும் இந்தச் சான்றுகள் ஏராளமாக வழங்கப்பட்டிருந்தன. அந்நாட்டில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிந்தவை எல்லாம் மன்னிப்புப் பெற்றவை என்று சொல்ல முடியாது. முறையான அனுமதியுடன் கட்டிய புதிய கட்டடங்களும் இடிந்தன. ஆனால் உறுதியைச் சோதிக்காமல் தரும் சான்று, குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு இருப்பதாக ஒரு பொய்யான நம்பிக்கையைத் தருகிறது. சான்றே இல்லாத நிலையில் அவருக்கு இருந்திருக்கக்கூடிய சந்தேகத்தையும் அது பறித்துவிடுகிறது. கட்டமைப்புச் சோதனையும், தேவைப்பட்டால் வலுவூட்டலும் நிபந்தனையாக இல்லாத எந்த வரன்முறைத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

இத்தனையும் எழுதும்போது, அனுமதி பெறாமல் கட்டுபவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு விருப்பமில்லை. விண்ணப்பம் மாதக்கணக்கில் மேஜை மேஜையாக நகர்வதும், கையூட்டு கேட்கப்படுவதும், சிறிய மனைக்குப் பொருந்தாத விதிகள் இருப்பதும் உண்மை. நகரத்துக்கு உழைக்க வருபவர்கள் குடியிருக்கத் திட்ட வரைபடத்தில் இடமே ஒதுக்காத ஊர்களில், ஏழை ஒருவர் சட்டபூர்வமாக வீடு கட்டுவது ஏறக்குறைய இயலாத காரியம். அவர் எழுப்பும் ஒற்றைத் தள வீட்டையும், விற்று லாபம் பார்ப்பதற்காக ஒருவர் ஏற்றும் ஆறாவது தளத்தையும் ஒரே சொல்லால் ‘ஆக்கிரமிப்பு’ என்று அழைப்பது அநீதி. எளிய வீடுகளுக்கு விரைவாகவும் கையூட்டின்றியும் அனுமதி கிடைக்கச் செய்வது அரசின் கடமை. அந்தக் கடமை தவறும் இடத்தில் அபராதத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு போவதால் கட்டடங்கள் பாதுகாப்பாகிவிடப் போவதில்லை. அதே வேளையில், அலுவலகத்தின் தாமதம் தூணின் தாங்குதிறனைக் கூட்டித் தராது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை இதுதான். பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் அங்கீகரித்த வரைபடத்தைக் கேளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தளங்களை எண்ணுங்கள், பக்க இடைவெளியை அளந்து பாருங்கள், வண்டி நிறுத்தும் இடம் என்று காட்டப்பட்டிருப்பது உண்மையில் அறையாக மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். பணி நிறைவுச் சான்றின் தேதிக்குப் பிறகு ஏதேனும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ‘எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்காங்க’ என்பது விற்பவர் சொல்லும் பதிலாக இருந்தால், அதை ஓர் ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே அனுமதியின்றி மேல்தளம் கட்டிவிட்டவர்கள், வரன்முறைக்கான விண்ணப்பத்தைத் தேடிப் போவதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, அஸ்திவாரம் வரை சோதிக்கச் செய்வது நல்லது. இருக்கிற கட்டடத்தை அளந்து வரைந்த வரைபடமும் அந்த அறிக்கையும் பின்னால் எந்த விண்ணப்பத்துக்கும் தேவைப்படும். தூண்களைச் சுற்றிக் கான்கிரீட் உறை போட்டு வலுவூட்டலாம், அஸ்திவாரத்தை அகலப்படுத்தலாம், அவை போதாது என்றால் மேல்தளத்தை இறக்கிவிடுவதுதான் வழி, அதையும் பொறியாளரின் மேற்பார்வையில் மேலிருந்து கீழாக முறையாகச் செய்ய வேண்டும். தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் சாய்வான விரிசல் தோன்றினாலோ, முன்பு எளிதாகத் திறந்த கதவுகள் திடீரென்று பிடிக்கத் தொடங்கினாலோ, தூணின் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ, பூச்சு வேலைக்காரரை அழைத்து மூடிவிடாமல் முதலில் ஆட்களை வெளியேற்ற வேண்டும். அறிக்கை வரும்வரை மேல்தளத்தை வாடகைக்கு விடாதீர்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் இருந்தால் நிலைமையை அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஒவ்வொரு 1,000 லிட்டரும் ஒரு டன் என்பதால், அதைக் காலிசெய்து கீழே இறக்குவதை அன்றைக்கே தொடங்கிவிடலாம்.